குரோம் பூசாத குழல்

கலீனா துறை, அலாஸ்கா
பேதுரு பவுல் திருநாளுக்கு மறுநாள்

பாசமுள்ள தம்பி மத்வேக்கு அண்ணன் நிக்கிஃபர் எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நேற்று உன் பரஸ்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு முன்பல் முளைத்துவிட்டது. பாதிரியாரின் தாடியைப் பிடித்து இழுத்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல முழித்தது. அப்படியே நீதான்.

சால்மன் வரத்து இந்த வருஷம் மந்தம். ஆற்று முகத்துவாரத்தில் முகாம் போட்டு மீன் எண்ணுகிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹால்வரின் படகு எஞ்சின் மறுபடியும் படுத்துவிட்டது. அவர் தினமும் என் கடைக்கு வந்து, துப்பாக்கி பழுது பார்க்கிற என்னிடம் எஞ்சினைப் பற்றிப் புலம்பிவிட்டு, என் காப்பியையும் குடித்துவிட்டுப் போகிறார்.

போன புதன்கிழமை ரேடியோவில் நீ பேசியதை நானும் கேட்டேன். தழும்பு மூஞ்சிக் கரடி இப்போது முகாமுக்குள்ளேயே நடமாடுகிறது என்றாய். மழை விடவில்லை, ரைஃபிள் கூடாரக் கம்பத்தில் உப்புக் காற்றில் தொங்குகிறது என்றாய். நான் ஒலிவாங்கியை எடுத்து, கொஞ்சம் எண்ணெய் போட்டுத் துடைத்து வை என்றேன். நீ சிரித்தாய். "என்னண்ணே, குரோம் பூசின குழலுக்கு எண்ணெயா? வயசாயிடுச்சா உனக்கு?" என்றாய். படகுகளிலும் மீன் பதனிடும் ஆலையிலும் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்திருப்பார்கள். நானும் சிரித்தேன்.

மத்வே, உன் ரைஃபிளில் நான் மாட்டியது குரோம் பூசின குழல் இல்லை.

நீ கேட்ட குழல் இன்னும் என் கடை அலமாரியில், பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. உன்னுடையதில் இருப்பது வெறும் எஃகு. பூச்சு இல்லாதது. வேண்டுமென்றேதான் மாற்றினேன். பணத்துக்காக இல்லை, பிடிவாதத்துக்காக.

இந்தச் சண்டை நமக்குள் எவ்வளவு காலமாக நடக்கிறது என்று உனக்கே தெரியும். குழலின் உட்புறம் பூச்சு பூசினால் குறி சிதறும் என்பேன் நான். கடலோரத்தில் துருப்பிடிக்காத குழல்தான் குழல், காகிதத்தில் ஓட்டை போடவா கரடிக்காட்டுக்குப் போகிறேன் என்பாய் நீ. இந்த முறை உன் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். வசந்தகாலக் குறிசுடும் போட்டியில் நீ கடற்கரையில் சுட்டு, தோட்டாவெல்லாம் ஒரே இடத்தில் விழுந்து, நீயே வியந்து நிற்கும்போது, ஊர் முன்னால் உண்மையை உடைக்கலாம் என்று திட்டம். குழலின் வாயோரத்தில் குரோமுக்கு வெள்ளையாக ஒரு வளையம் தெரியும், உன்னுடையதில் இல்லை. நீ பார்க்கவில்லை. அண்ணன் மாட்டித் தந்ததைத் தம்பி ஏன் உற்றுப் பார்க்கப்போகிறான்?

நான் நினைத்தபடியே சுட்டாய். பரிசுக்கு வைத்திருந்த மீன் அப்பத்தையும் வென்றாய். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "இனிமே குரோம் போட்டா குறி தப்பும்னு எவனாவது சொன்னா, எங்கண்ணன்கிட்ட அனுப்பி வைங்கப்பா," என்று என் தோளில் கை போட்டுக்கொண்டு கத்தினாய். ஹால்வர் கைதட்டினார். அந்த நேரத்தில் சொன்னால் நீ எவ்வளவு கூனிக்குறுகிப் போவாய் என்று தோன்றியது. அப்புறம் சொல்லலாம் என்று விட்டேன். நீ முகாமுக்குக் கிளம்புகிற காலையிலும் அப்புறம் என்றே விட்டேன். உனக்காகப் பொறுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் என் பேர் கெடக்கூடாது என்றுதான் பொறுத்தேன்.

நேற்று கோவில் வாசலில் பரஸ்கா என்னிடம், "மாமா, கரடி வந்தாலும் அவரு நிம்மதியாத் தூங்குறாராம். அண்ணன் போட்ட குழல் இருக்கேன்னாரு," என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழந்தையின் குல்லாயைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகச் செய். அந்த ரைஃபிளை இனி நம்பாதே. தோட்டா உட்காரும் அறையில் துரு ஏறியிருந்தால் முதல் குண்டு போகும், ஆனால் சுட்ட தோட்டாவின் காலி ஓடு வெளியே வராமல் உள்ளேயே கடித்துக்கொள்ளும். இரண்டாவது குண்டுக்கு உனக்கு வழி இருக்காது. கரடிக்கு முன்னால் அது எப்படிப்பட்ட நேரம் என்று நான் எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை அங்கே வரும் விமானத்தில், இந்தக் கடிதத்தோடு என் சொந்த ரைஃபிளையே கொடுத்தனுப்புகிறேன். அதற்கும் பூச்சு கிடையாது, ஆனால் நான் துடைக்காமல் வைத்ததில்லை. அதை வைத்துக்கொண்டு உன்னுடையதைத் திருப்பி அனுப்பு, கேட்ட குழலை மாட்டித் தருகிறேன். அது உன் கைக்குத் திரும்பும்வரை ஆற்றங்கரைக்குத் தனியாகப் போகாதே, முகாமில் உன்னோடு இருக்கிற ரூஃபஸைக் கூட்டிக்கொள். பரஸ்காவும் அப்பம் சுட்டு அனுப்புகிறாள். அவளிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

மூடுபனி இறங்கினால் விமானம் வராது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ரேடியோவில் ஒரு வாக்கியம் போதும் என்பதும் தெரியும். இன்று மாலை ஊரே கேட்கச் சொல்லிவிடுவேன். கடிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டால் வாயில் வந்துவிடும் என்று நினைத்துத்தான் முதலில் இதை எழுதுகிறேன். நான் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் உனக்குப் பழைய செய்தி, அடுப்பில் போட்டுவிடு.

சொல்லாமல் கோழையாக இருந்துவிட்டேன் என்றால், இதைப் படித்ததும் நீயே ரேடியோவை எடு. படகுக்காரர்கள், ஆலைப் பெண்கள், ஹால்வர் எல்லோரும் கேட்கும்படி என்னை வாய்க்கு வந்தபடி திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஒலிவாங்கி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். உன் குரல் வந்தால் போதும்.

கர்த்தரும் மாதாவும் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் அண்ணன்,
நிக்கிஃபர்