இரண்டு நாள் முன்பே வரவேண்டிய காய்ச்சல்

ஜூலை 7, திங்கள்
புது விதிகளை டைப் அடித்து, பீங்கான் ஆலைப் பலகையில் நானே ஒட்டினேன். மாதச் சம்பளக்காரர்களுக்கு ஆண்டுக்கு ஏழு நாள் நோய் விடுப்பு. இரண்டு நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மணிக்கூலிக்காரர்களுக்கு விடுப்பு கிடையாது, ஓவர்டைம் உண்டு. என்னைப் போன்ற ஆபீஸ்காரர்களுக்கு ஓவர்டைம் கிடையாது. ஆனால் ஏழு மணி வரை உட்கார்ந்திருக்கலாம்.

"காய்ச்சல் வரப்போறது முன்னாடியே எப்படிங்க சார் தெரியும்?"

நான் கேட்டதற்கு மேலாளர் பாலகிருஷ்ணன் நிமிரவில்லை. "பொறுப்பா இருக்கறவங்களுக்குத் தெரியும்மா."

ஜூலை 9
கணக்குப் பிரிவு தங்கராசு அண்ணனின் விண்ணப்பம்: 'வரும் வெள்ளியன்று எனக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட உள்ளதால்...' மேலாளர் சிரிக்காமல் அனுமதித்தார்.

ஜூலை 11
வயிற்றுப்போக்கு இல்லை. கருவேப்பிலங்குறிச்சியில் அண்ணனின் மச்சான் மகளுக்குக் காதுகுத்து.

ஜூலை 14
சூளைப் பக்கம் வீராயி அக்கா மயங்கி விழுந்தார். நாலு நாளாகக் காய்ச்சலாம். வராவிட்டால் கூலி போகும் என்று வந்து, ஓவர்டைமும் பார்த்திருக்கிறார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். உடம்பு கொதிக்கிறது, வழியெல்லாம் ஒரே கேள்வி. "மத்தியானம் வரைக்குமாச்சும் கூலி போட்டுருவாங்களா பாப்பா?"

அந்த நோட்டீச அடிச்சவளே நான்தானே.

ஜூலை 15
அக்கா படுக்கையில். பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதச் சொன்னார்கள். 'நோய் விடுப்பு' என்று எழுதினேன்.

"விதி தெரியாதா பூர்ணிமா?"

"தெரியுங்க சார். நான்தான் ஒட்டினேன்."

என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம். அதையும் மேலாளர் என்னையே டைப் அடிக்கச் சொன்னார். அவர் எழுதியதில் இரண்டு பிழை. திருத்தி, அடித்து, கையெழுத்து வாங்கி, நானே பெற்றுக்கொண்டேன்.

ஜூலை 17
மேலாளருக்குக் காய்ச்சல். போனில் சொன்னார். "ரெண்டு நாள் முன்னாடி எழுதிக் குடுத்தீங்களா சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். இருமிக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

ஜூலை 21
புது நோட்டீஸ். மாதச் சம்பளக்காரர்கள் இனி முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டாம். மணிக்கூலிக்காரர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு முறை தேடினேன்.

ஜூலை 24
மணிக்கூலிக்காரர்களுக்கும் நோய் விடுப்பு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு. எழுதியது நான். முதல் கையெழுத்து வீராயி அக்கா. இன்னும் நிற்கத் தெம்பில்லை, மூட்டைமேல் உட்கார்ந்து போட்டார்.

"நீ போடாத பாப்பா. ஒனக்கு வேலை போயிடும்."

முப்பத்தெட்டுப் பேர் போட்டு முடித்தார்கள். பேனாவை வாங்கி, கீழே என் பெயரை முழுதாக எழுதினேன்.