நெடுங்கரைக்கு மறுமுரசு மீட்டளித்த ஓலை

வெண்கடம்ப நாடுடையோனும், இரட்டை முரசு இலச்சினைக்கு உரியோனுமாகிய அதியரையன், நெடுங்கரை ஊர்ச்சபைப் பெருமக்களுக்கும் விளைநிலம் இழந்த குடிகளுக்கும் விடுக்கும் ஓலை. நும் குலம் தழைக்க. நும் மனைதோறும் விளக்கு எரிக. நும் ஏரி நிறைக என்று வாழ்த்துவதும் எம் மரபு. கரை உடைந்து கிடக்கும் ஊருக்கு அதை எழுத எம் கை கூசுகிறது.

ஊருக்கு இரண்டு முரசு வேண்டும், அவை இரு வேறு இல்லத்தார் கையில் இருக்க வேண்டும், ஒன்று அறிவித்ததை மற்றொன்று மறுக்கலாம் என்பது எம் முன்னோர் வகுத்த மறுமுரசு முறை. வணிகர் உதாரர் எம் அவைக்கு வந்து, முரசெல்லாம் ஒரே கையில் இருந்தால் செய்தி விரைந்து பரவும் என்றும், தோல் மாற்றும் செலவும் அரண்மனைக்கு மிஞ்சும் என்றும் இனிக்க இனிக்க உரைத்தார். யாமும் தலையாட்டி அம்முறையை நீக்கினோம். விரைவில் நாட்டு முரசெல்லாம் அவருடையவை ஆயின.

நும் ஏரிப் பொறுப்புக்குக் குடவோலை இட்டபோது இரு முரசும் உதாரரின் மைத்துனரையே புகழ்ந்தன. அவரை எதிர்த்து நின்ற உழவர் சேந்தன் கீரன், கரையில் நீர் கசிவதைச் சொல்ல முரசு கேட்டார், கிடைக்கவில்லை. வீடு வீடாகச் சென்று சொன்னார். முரசு சொல்லாததைச் சொல்லிப் புரளி கிளப்புகிறார் என்று நீவிர் அவரைச் சபையிலிருந்து விலக்கி, ஏரியை மைத்துனரிடம் ஒப்படைத்தீர். நும்மைக் குறைகூற எமக்கு வாயில்லை. அவர் எம்மிடமும் வந்தார். முரசுக்கு உடையவரிடம் போய்க் கேட்கும்படி சொல்லி அனுப்பிவிட்டோம்.

ஐப்பசி மழையில் கரை உடைந்தது. முதலில் மணல் மூடியது சேந்தன் கீரன் வயலைத்தான். அன்றும் எம் தலைநகரில் முரசு, நெடுங்கரை ஏரி நிறைந்தது, உழவர் மகிழ்ந்தனர் என்றே முழங்கிற்று. அதைக் கேட்டு யாம் அந்த மைத்துனருக்குப் பட்டாடை அனுப்பினோம். உண்மை எமக்குப் பின்னரே தெரிந்தது. எத்தகைய வெட்கம் இது!

ஆதலால், ஓர் இல்லத்தார் கையில் ஒரு முரசுக்கு மேல் இருத்தல் ஆகாது. உதாரரின் முரசுகள் அந்தந்த ஊர்ச்சபைக்கே திரும்புக. மைத்துனர் பொறுப்பு நீங்குக. மறுமுரசு ஒலித்த பின் குடவோலை மீண்டும் நிகழ்க. கரையை எம் செலவில் கட்டுக.

இவ்வோலையை முரசறைந்து அறிவிக்க வேண்டா. சேந்தன் கீரரைச் சபைக்கு அழைத்து, நீவிர் எழுந்து நின்று, அவர் கையில் கொடுத்துப் படிக்கச் செய்க. படித்தபின் எம்மை மறுத்து அவர் சொல்வதை முழுதும் கேட்டு எமக்கு எழுதுக. படிக்க மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டா. ஓலையைத் திருப்பி அனுப்புக. யாமே வந்து அவர் வயல் மணலில் நின்று படிப்போம்.

இது எம் கையெழுத்து, எம் கட்டளை. இலச்சினை இடவில்லை. நும் ஊரில் இரண்டாம் முரசு ஒலிக்கும்வரை, இரட்டை முரசைப் பொறிக்க எமக்கு முகமில்லை.