வெட்டி எடுத்த ஏழு விநாடி

பதுளை
03.02.2025

அன்புள்ள ஸவாஹிரா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் அண்ணன் முன்ஸிப் மச்சானிடம் கேட்டேன். "ஈக்கிறா" என்று ஒரு சொல்லில் போனை வைத்துவிட்டார். நீ பண்டாரவளைக்கு உம்மா வீட்டுக்குப் போய் இரண்டு கிழமையாகிறது. நான் எடுத்தால் நீயும் போனைத் தூக்குவதில்லை. ஆகவே பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு இன்றுதான் கடிதம் எழுதுகிறேன். போன் திருத்துகிற கடையில் ஒரு பேனா தேடிப் பிடிக்க அரை மணித்தியாலம் போயிற்று.

ஓடர் கேட்டு ஸகீனா டீச்சர் வந்தார். "கேக் போடுகிறவ எப்ப வருவா?" என்றார். சிரித்துச் சமாளித்தேன். நேற்று பின்வளவில் கொஞ்ச நேரம் கொல்லுலை மூட்டி ஒரு கொறடு அடித்துச் செய்தேன். பிடி கோணல்தான், ஆனால் இரும்பைக் கவ்வுகிறது. நான் போட்ட சுத்தியல் வீடியோவைப் பதினெட்டாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள், தெரியுமா?

கண் கட்டு அவிழ்த்தாயிற்றா? சின்னத் துணுக்குத்தானே, அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்தானே. உம்மாவுக்கு என் ஸலாம் சொல்.

உன்
றில்வான்


பண்டாரவளை
07.02.2025

அன்புக்குரியவருக்கு,

வஅலைக்கும் ஸலாம். உம்மாவுக்கு மூட்டுவலி, மற்றபடி எல்லோரும் சுகம். போன் எடுக்காதது பிடிவாதத்தால் அல்ல. பேசத் தொடங்கினால் நான் அழுவேன், நீங்கள் பேசியே என்னைச் சரிக்கட்டிவிடுவீர்கள். பத்து வருசமாக அப்படித்தானே நடக்கிறது. எழுதும்போது கொஞ்சமாவது யோசிப்பீர்கள்.

நானும் யோசித்துத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு ஓவனுக்குள் இரண்டு கல்யாணக் கேக் இருந்தது. நீங்கள் பழைய லொறி அச்சு இரும்பில் அடித்துச் செய்த சுத்தியலைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துவிட்டு வந்து ஓவனைக் கேட்டீர்கள். தோய்த்த இரும்பு கண்ணாடி மாதிரி உடைந்து தெறிக்கும், இருநூறு பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்துப் பதம் இறக்கினால்தான் அடி தாங்கும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். "கேக் இறங்கட்டும், பொறுங்க" என்றேன். உங்களுக்குப் பொறுமை எங்கே இருக்கிறது! ஓவனே தேவையில்லை என்று போனுக்கு முன்னால் நின்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தீர்கள். பிறகு உறுதியைக் காட்டுவதற்காகப் புதுச் சுத்தியலையும் பழையதையும் முகத்துக்கு முகம் மோதினீர்கள். அந்த நேரம் நான் வந்தது, ஓவன் காலி, கொண்டு வாங்க என்று சொல்லத்தான். தெறித்த துணுக்கு என் கண்ணில் ஏறியது.

ஆஸ்பத்திரியில் "வழுக்கி விழுந்திட்டா" என்றீர்கள். விழுந்தவளின் கண்ணுக்குள் இரும்பு எப்படிப் போகும்? முன்ஸிப் நானா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடிச்சானா, சொல்லு" என்று கேட்கிறார். இல்லை என்கிறேன், நம்புகிறார் இல்லை. நான் கட்டோடு படுத்துக் கிடக்கும்போது கடைசி ஏழு விநாடியை வெட்டிவிட்டு அந்த வீடியோவைப் போட்டிருக்கிறீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதைப் பார்த்து இன்னொருவர் அப்படியே செய்தால்?

நடந்ததை நானாவிடமும் அந்தப் பதினெட்டாயிரம் பேரிடமும் நீங்களே சொல்லுங்கள். நோன்புக்கு முன் நான் வருவதும் வராததும் அதில்தான் இருக்கிறது.

ஸவாஹிரா


பதுளை
12.02.2025

அன்புள்ள ஸவாஹிரா,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீ எழுதியதில் பிழையில்லை. ஆனால் என் பக்கத்தையும் கொஞ்சம் பார். பஸாரில் போன் திருத்துகிறவர்கள் பத்துப் பேர், அதில் நான் ஒருவன். என் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இந்தச் சுத்தியலாலும் உலையாலும்தான் காலி நகரத்திலிருந்து ஒருவர் போன் எடுத்து என்னை மரியாதையாக "சேர்" என்கிறார். அவரிடம் போய், நான் மடையன், என் மனைவியின் கண்ணில் அடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

நீ முதலில் வா. மச்சானிடம் பக்குவமாகப் பேசிக்கொள்வோம். வீடியோவையும் மெல்ல எடுத்துவிடலாம்.

றில்வான்


பதுளை
20.02.2025

அன்புள்ள ஸவாஹிரா,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடாதது சரிதான்.

திங்கட்கிழமை வெலிமடையிலிருந்து கிஷாந்தன் என்று ஒரு வாத்தியார் கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், நல்ல மரியாதை. பையிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்து மேசையில் வைத்தார். "அண்ணை, நீங்கள் சொன்ன மாதிரியே செய்தனான், ஓவனிலை வைக்கேல்லை. சத்தத்தைக் கேளுங்கோ" என்று சொல்லிக்கொண்டே என் மேசைச் சுத்தியலை மற்றக் கையில் எடுத்து ஓங்கினார். பக்கத்தில் அவருடைய மனைவி நின்றிருந்தார். பாய்ந்து வாத்தியாரின் கையைப் பிடித்துவிட்டேன். மேசையில் இருந்த போன்கள் எல்லாம் கீழே விழுந்தன. அவர் பயந்துபோய், "என்ன அண்ணை?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன், ஸவாஹிரா. அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பண்டாரவளைக்கு வந்து மச்சானின் கடையில் அவரைக் கண்டேன். நீ கூப்பிடாமல் வீட்டுக்கு வர மனம் வரவில்லை. விழுந்தது பொய், நான்தான் காரணம், அவசரத்தில் செய்தேன் என்றேன். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையும் ஒப்புக்கொண்டேன். மச்சான் வெகுநேரம் என்னை நிற்கவைத்தார். பிறகு, "இத அண்டைக்கே சொல்லியிருந்தா ஒங்கள நான் அடிச்சிருப்பன். இப்ப அடிக்கவும் கை வருகுதில்ல" என்றார்.

பழைய வீடியோவை எடுத்துவிட்டேன். வெட்டிய ஏழு விநாடி போனிலேயே இருந்தது. அதை முதலில் வைத்துப் புது வீடியோ போட்டிருக்கிறேன். ஓவன் காலி என்று நீ சொல்வதும், அந்தச் சத்தமும், நீ முகத்தைப் பொத்துவதும் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு, பதம் இறக்காத சுத்தியலால் அடிக்காதீர்கள், பதம் இறக்கினாலும் சுத்தியலோடு சுத்தியலை மோதாதீர்கள், கண்ணாடி போடாமல் உலைக்குக் கிட்டப் போகாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் உன் முகத்தைப் போட்டதற்கு மன்னித்துக்கொள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்.

நீ வருவதற்காக இதைச் செய்யவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். வா.

றில்வான்


பண்டாரவளை
24.02.2025

அன்புக்குரியவருக்கு,

வீடியோவைப் பார்த்தோம். உம்மா பாதியில் எழுந்து போய்விட்டார். நானா இரண்டு தரம் பார்த்துவிட்டு, "சரி, நீ போற எண்டா போ" என்றார். என் முகம் அதிலேயே இருக்கட்டும், எடுக்க வேண்டாம்.

நானும் உங்களிடம் ஒன்றை மறைத்தேன். போன மாதம் இருபத்தெட்டாம் திகதி கட்டு அவிழ்த்தார்கள். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. ஆள் தெரிவதில்லை. இனிமேல் தெரியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் நீங்கள் அன்றைக்கே ஓடிவந்து எல்லோருடைய காலிலும் விழுந்திருப்பீர்கள். எனக்கு அது வேண்டாமாக இருந்தது. சின்னத் துணுக்குத்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உண்மையைச் சொல்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டீர்கள். எனக்கு அது போதும் என்று எழுத ஆசை. போதாது. கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. நம் வீட்டில் இருந்துகொண்டே கோபிக்கிறேன்.

வியாழக்கிழமை பத்தரை பஸ்ஸில் வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் வழக்கம்போலப் பக்கத்தில் வந்து நின்று பையை வாங்காதீர்கள், இடது பக்கம் நின்றால் தெரியமாட்டீர்கள். எனக்கு நேர் முன்னால் வந்து நில்லுங்கள்.

ஸவாஹிரா