மைனி குடம் வைத்த இடம்

அன்புள்ள மைனி,

இன்று செம்பூரில் பக்கத்து வீட்டுக்காரி பொம்பில் மீன் கருவாடு பொரித்தாள். எங்கள் கட்டடத்துச் சைவர்கள் விஷவாயு வந்ததுபோல் ஜன்னல்களைச் சாத்தினார்கள். நான் மட்டும் கதவிடுக்கில் மூக்கை நீட்டி நின்றேன். தாராவியில் நீங்கள் கருவாடு பொரித்தால் டிராம்பேயில் அணுவைப் பிளந்துகொண்டிருந்த விஞ்ஞானிகள் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார்கள் என்பது வரலாறு. எழுதியவன் நான், உங்கள் கொழுந்தன்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன அண்ணன் உங்களைக் கல்யாணம் செய்து கூட்டிவந்த நாள் நினைவிருக்கிறது. உங்கள் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவர்கள். நீங்கள் பிறந்தது டோங்கிரியில். பம்பாய் உங்களை ஹப்ஷி, ஆப்பிரிக்காக்காரி, என்றது. எங்கள் சந்திலோ, தோசைக்கல் நிறத்துத் திருநெல்வேலிச் சனங்கள் உங்களைக் கண்டதும் திடீரென்று இங்கிலாந்து ராஜவம்சமாகிவிட்டார்கள்.

குழாயடியில் குடம் வைத்தால் ஆள் நின்ற கணக்கு. உங்கள் குடத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. எங்கள் சந்துப் பாக்கியம் அக்கா அதைக் காலால் உதைத்துக் கடைசிக்குத் தள்ளுவாள்.

"ஏளா கறுப்பி, உன் குடம் பட்டா தண்ணி மையாப் போயிரும்."

திரும்ப எடுத்து வந்து அதே இடத்தில் வைப்பீர்கள். ஒரு நாள் சொம்பால் நெற்றியில் அடித்தாள். ரத்தம் மூக்கில் வழிய வழிய, வைத்தீர்கள்.

மதராசிகளை அடித்து விரட்டு என்று நகரம் கொதித்த காலம். ஒரு காலையில் கூட்டம் எங்கள் சந்துக்குள் புகுந்தது. இட்லிக் கடையை நொறுக்கினார்கள். கொதிக்கும் சாம்பார் அண்டாவைக் கடைக்காரர் காலில் கவிழ்த்தார்கள். மாவீரனாகிய நான் சைக்கிள் செயினால் ஓர் அடி வாங்கி, சாக்கடையில் கிடந்தபடியே போரை மேற்பார்வையிட்டேன்.

குழாயடியில் ஒருவன் பாக்கியம் அக்காவைக் கூந்தலைப் பிடித்துத் தரையில் இழுத்தான். புடவையிலும் கை வைத்தான். நீங்கள் குறுக்கே வந்தீர்கள். இன்னொருவன் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அரே, யே தோ ஹப்ஷி ஹை. மதராசி நஹி. ஜா, பாக் ஜா."

இவள் மதராசி இல்லை, ஓடிப்போ என்று வழியே விட்டான். போயிருக்கலாம். உங்களை மதராசி இல்லை என்று அந்தச் சந்தே நாள்தோறும் சொல்லிக்கொண்டுதானே இருந்தது?

நீங்கள் தண்ணீர் நிறைந்த பித்தளைக் குடத்தைத் தூக்கி, கூந்தலைப் பிடித்தவன் வாயில் இறக்கினீர்கள். அந்தச் சத்தத்தில் சயானில் ரயில் நின்றது என்று இதுவரை ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். அடுத்ததை மட்டும் நான் பெரிதாக்குவதில்லை. இரும்புக் கம்பி உங்கள் கையில் விழுந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. "காலி ராண்ட்", கறுப்பு வேசி, என்று கத்திக்கொண்டே வயிற்றில் மிதித்தார்கள். மறு கையால் பாக்கியம் அக்காவைச் சுவரோடு அணைத்துக்கொண்டு அத்தனையையும் முதுகில் வாங்கினீர்கள், போலீஸ் விசில் கேட்கும்வரை.

மறுநாள் சந்துப் பெரியவர்கள் குழாயடியில் கூடினார்கள். உயிரைக் காப்பாற்றியவளுக்கு மாலை போடத்தான் என்று நான் நினைத்தேன்.

"பொம்பள ஆம்பள மேல கை நீட்டுனா அவனுவ திரும்ப வராம இருப்பானுவளா?" என்றார் தலைவர். "இவள டோங்கிரிக்கே அனுப்பிருவோம்."

அண்ணன் வாய் திறக்குமுன் நீங்கள் வந்தீர்கள். ஒரு கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில். மறு கையில் நசுங்கிய குடம். கூட்டத்தின் நடுவே நடந்து போய் வரிசையில் வைத்தீர்கள்.

"நீங்க பேசி முடிங்க. நான் தண்ணி பிடிச்சிட்டுப் போறேன்" என்றீர்கள், எங்களைவிடச் சுத்தமான திருநெல்வேலித் தமிழில்.

பாக்கியம் அக்கா வீங்கிய முகத்தோடு தலைவரைப் பார்த்தாள். "அவளை அனுப்புனா, நாளைக்கு என் முடியப் பிடிச்சு இழுக்கையில நீரு வருவீராவே?"

தலைவர் தம் செருப்பைத் தேடத் தொடங்கினார். அக்கா உங்கள் குடத்தைத் தூக்கி எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தாள். நீங்கள் அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தீர்கள்.

"நீ எனக்கு முந்தி வந்தவ. நான் வச்ச எடத்துல இருந்தாப் போதும்."

உங்களை அடக்கம் செய்து வருடங்களாகிவிட்டன, மைனி. ரேஷன் கடையில் யாரேனும் ஒருத்தியின் பையைப் பின்னால் தள்ளினால், என் கை என்னைக் கேட்காமலே அதை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிடுகிறது. அதற்காக இந்த வயதிலும் இரண்டு பற்களை இழந்திருக்கிறேன். பை இருந்த இடத்திலேயே இருந்தது.