ட்வேன் கொடுத்த மெல்லிய காசு

அன்பு மகள் கெண்ட்ராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் குட்டி மேபலும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது என் ஒரே வேண்டுதல். இந்தக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை பார்க்கும் நூலகத்துக்கு ஏன் அனுப்பினேன் என்று பதறாதே, படித்து முடித்ததும் பதறலாம். உன் வீட்டுக்குப் போன் செய்தால் மாப்பிள்ளை ட்வேன் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறான், "என்ன அத்தை, எங்களப் பத்தி வம்பா?" என்று சிரிக்கிறான், வாய் வரை வந்தது உள்ளே போய்விடுகிறது. எனக்கே வாயடைத்துப் போகிறதென்றால் பார்த்துக்கொள். படித்ததும் கிழித்து அங்கேயே குப்பையில் போடு, கைப்பையில் வைக்காதே.

இங்கே பனி இன்னும் கரையவில்லை, தேவாலய விருந்தில் என் ஆப்பிள் பைதான் முதலில் தீர்ந்தது, இப்படியே எழுதிக்கொண்டு போக ஆசைதான், கை ஓடவில்லை. கிறிஸ்துமஸுக்கு ட்வேன் அப்பாவுக்குக் கொடுத்தானே அந்த மெல்லிய கால் டாலர், பேங்கில் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும் காசு உருளையைப் பிரித்தபோது கிடைத்தது என்றான். நீ பிறக்கும் முன்பிருந்தே அந்த உருளைகளைச் சமையலறை மேசையில் பிரித்துக் கொட்டி அச்சுப் பிழையான காசுகளைத் தேடுகிறவர் உன் அப்பா, இடம் தவறி அச்சானது, இரண்டு தடவை அச்சானது எல்லாம் அகப்பட்டிருக்கிறது, தகடு மெலிந்துபோய் அச்சான காசு மட்டும் அவர் கைக்கு வந்ததே இல்லை. அதனால்தான் அன்றைக்குக் குழந்தை மாதிரி அழுதார். "எடை போட்டுப் பாக்கட்டுமா?" என்று அப்பா சும்மா கேட்டதற்கு மாப்பிள்ளைக்கு வந்த கோபத்தை நீயும் பார்த்தாய், கிரேவிக் கிண்ணம் சுவரில் போய் உடைந்தது, நீ உடனே துணி எடுத்துவந்து துடைத்தாய். பழகிய கை மாதிரி துடைத்தாய் கண்ணு, அது என் நெஞ்சிலேயே நிற்கிறது.

அதற்குப் பிறகு தபாலில் இன்னொரு காசு வந்தது, அப்புறம் இரண்டு சேர்ந்து வந்தன, காசு சேகரிப்பவர்கள் கிளப்பில் காட்டி அசல் என்று மாமா ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாங்க ஆள் இருக்கிறது என்று கூடவே ஒரு துண்டுச் சீட்டு. ஒரு மனுஷனுக்கு இத்தனை அதிர்ஷ்டம் அடிக்குமா? அப்பா எல்லாவற்றையும் தராசில் வைத்தார், எடை குறைவுதான், சரி. ஆனால் தகடு மெலிந்து அச்சான காசுக்கு அகலம் குறையாது, எழுத்து அங்கங்கே மங்கியிருக்கும், மற்றபடி முகத்தில் புதுக்காசின் பளபளப்பு அப்படியே இருக்கும், சின்ன வயதில் உனக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறாரே. இவை அகலமும் சுருங்கி, ஓரத்து வரிகள் தேய்ந்து, முகமெல்லாம் சொரசொரவென்று, மேலிருக்கும் வெள்ளைத் தோல் போன இடத்தில் செம்பு சிவப்பாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வெர்னா, இது அச்சுல மெலிஞ்சது இல்ல, அமிலத்துல ஊறவச்சது" என்றார். ஏமாற்றுக்காரப் பயல் என்று நான் குதித்தேன், அவனைக் கூப்பிடப் போனையும் எடுத்துவிட்டேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "காசு கெடக்கட்டும், அவன் இத எங்க வச்சு ஊறவைக்கிறான், அத யோசி" என்றார். போனைக் கீழே வைத்துவிட்டேன். எப்போதும் பூட்டிக் கிடக்கும் உன் கார் ஷெட். அங்கே நிறுத்திய மேபலின் தள்ளுவண்டி ஒரே மாதத்தில் துருப்பிடித்தது என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய், காற்றில் ஈரமே இல்லாத உங்கள் ஊரில் அமிலப் புகையில்லாமல் எப்படித் துருப்பிடிக்கும்? கிறிஸ்துமஸ் விருந்தன்று அவன் விரல் நுனியெல்லாம் மஞ்சள், கேட்டதற்கு மரப் பாலிஷ் என்றான். அந்த ஷெட் சுவரை ஒட்டித்தானே மேபலின் தொட்டில். இலையுதிர் காலத்திலிருந்து அவளுக்கு விடாத இருமல், டாக்டர் மகரந்தத் தூள் என்கிறார், பனி கொட்டுகிற மாதத்தில் எந்தப் பூவடி பூக்கிறது?

போன ஞாயிறு அவனே கூப்பிட்டான். சொந்தத் தம்பியின் காசையே போலி என்று முகத்துக்கு நேரே சொல்லி, வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர் உன் அப்பா. அவர் இவனிடம், "அசல்தான் ட்வேன், சந்தேகமே இல்ல. மாசக் கடைசி சனிக்கிழம கிளப்புக்கு நீயே எல்லாத்தையும் எடுத்துட்டு வா, உன்னையே பேச வைக்கிறேன்" என்றார். குரல் நடுங்கவில்லை. அவன் அதற்கு முந்தின வியாழக்கிழமை காரில் கிளம்புகிறானாம். மறுநாள் நான் விமானத்தில் வந்து உன் வாசலில் நிற்பேன். நீயும் குழந்தையும் அந்த வீட்டை விட்டு வந்த பிறகுதான் ஷெரீஃபுக்குச் சொல்வது, அதுவரை அவனை அப்பா இங்கே பிடித்து வைக்க வேண்டும். அந்தக் கோபக்காரனோடு இவர் தனியாக இருக்கப்போகிறாரே என்று எனக்குப் பயம். சொன்னால், "காசப் பத்திப் பேச ஆரம்பிச்சா நான் நிறுத்துவேனா? நீயே எத்தன தடவ எந்திரிச்சுப் போயிருக்க" என்று கிண்டல் பண்ணுகிறார். கிளப்பில் அத்தனை பேர் முன்னாலும் அது அசல் என்று சொல்லத் துணிந்துவிட்டார். அங்கே அவர் வாயால் ஒரு பொய் வந்ததில்லை, இனி யாரும் அவரை நம்பப்போவதில்லை, போகட்டும் என்கிறார்.

இன்றைக்கே தொட்டிலை முன்னறைக்கு மாற்று, ஜன்னலைத் திறந்து வை, அவன் ஏன் என்று கேட்டால் அம்மாவின் தொல்லை என்று என் தலையில் போடு. ஷெட் கதவைத் தொடாதே, அவன் இல்லாவிட்டாலும் தொடாதே. அவன் உன்னையும் காரில் கூட வரச் சொன்னால் குழந்தைக்கு இருமல் என்று சொல். கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, என் முத்தம் மேபலுக்கு. ஒன்றை மட்டும் மறக்காதே, அவன் கிளம்பவில்லை என்றாலோ வேறு எதுவும் சரியில்லை என்றாலோ எனக்குப் போன் செய்து ஆப்பிள் பைக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேள். பத்து வயதிலிருந்து நீ செய்கிற பைதான், அது அவனுக்குத் தெரியாது. ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்கட்டும், நான் அளவு சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா விமான நிலையத்துக்குக் காரைக் கிளப்பியிருப்பார்.

உன் அம்மா,
வெர்னா