ஜெய்னபுவின் கப்பல் அறை

14.12.1997, ஞாயிறு இரவு

ரங்கூன் ஆற்றில் கட்டிப்போட்டு ஓட்டலாக்கிய பழைய பயணிகள் கப்பலில் படுத்திருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் தங்கை ஜெய்னபு இங்கேதான் அறை எடுத்திருக்கிறாள். என்னையும் ஒரு ராத்திரி தங்கச் சொன்னாள்.

நான் பாயும் கட்டுச்சோறும், தொட்டுக்கொள்ள இறால் கருவாட்டுப் பலச்சாங்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் கப்பலென்றால் அதுதானே? வாப்பா இப்படியொரு கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துத்தான் ரங்கூன் வந்து சேர்ந்தார்.

“ராத்தா, இது ஓட்டலு! பாயை ஏன் சுமந்துட்டு வந்தீங்க?” என்று ஜெய்னபு சிரித்தாள். பெட்டி தூக்கும் பர்மாக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வளையல், ஏசிக் குளிர், பஞ்சு மாதிரி துவாலை, எதைப் பார்த்தாலும் வயிற்றெரிச்சல். அவள் மாப்பிள்ளை முதலில் பெண் பார்க்க வந்தது என்னை. சரி, அதை எழுத வேண்டாம்.

கட்டுச்சோற்றைப் பலச்சாங்கோடு அவளே வழித்துத் தின்றாள். விளக்கை அணைத்த பிறகு, “கப்பல் ஆடுது ராத்தா, மெத்தையில தூக்கமே வரல” என்று இறங்கிக் கீழே சுருண்டுகொண்டாள். இப்போது குறட்டை.

மெத்தை முழுக்க எனக்குத்தான். கண் மூடவில்லை. என் பாயையும் அவளே எடுத்துக்கொண்டாள்.