அத்தாவின் கட்டில்

6-7, திங்கள்
காலையிலிருந்து புழுக்கம். பூந்தமல்லி வீட்டுச் சாமான் எல்லாம் அயனம்பாக்கம் வந்தாச்சு. அத்தாவால் மாடி ஏற முடியாது, இங்கே லிஃப்ட். பைலட் பரீட்சைப் புத்தகங்கள் எந்த மூட்டையிலோ. நேவிகேஷன் பேப்பர் வேறு கிட்டே வந்துவிட்டது.

படுக்க வைத்ததும் அத்தா கேட்டது ஒன்றுதான். "கிப்லா எந்தப் பக்கம்மா?" படுத்தபடி தொழுகிறவர். கால்மாடு மக்காவைப் பார்த்து இருக்க வேண்டும்.

ரஃபி அண்ணன் ஃபோனை நீட்டினான். "ஆப்புல காட்டுது பாரு."

"பைலட்டுக்கே பாடமா? போண்ணா."

விமானத்தில் செய்வதேதான். மூக்கு பார்க்கும் திசை. அதிலிருந்து வலமாக, தரை நிலையம் இருக்கும் பக்கத்தை ஊசி காட்டும் கோணம். இரண்டையும் கூட்டினால் நிலையத்தின் உண்மைத் திசை. 360 தாண்டினால் கழி. இங்கே தலைகீழாகப் போட்டேன். வடக்கிலிருந்து மக்கா 288 டிகிரி. திசைகாட்டியில் கால்மாடு இப்போது பார்ப்பது 40. மீதி 248, அவ்வளவு வலமாகத் திருப்ப வேண்டும். தரையில் சாக்பீஸ் கோடு. கட்டிலைத் திருப்பினோம். எதிரே பால்கனி, ஏரி.

"எம் பொண்ணு சொன்னா கரெக்டாதான் இருக்கும்." அம்மாவிடம் அத்தா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

10-7, வெள்ளி
அத்தாவுக்கு மறுபடி ஸ்ட்ரோக். பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறதா, டாக்டருக்கே தெரியவில்லை.

18-7, சனி
வீட்டுக்குக் கொண்டுவந்தோம். "இனிமே ஊட்லயே வெச்சுப் பாத்துக்கோங்க" என்றார் நர்ஸ். அர்த்தம் புரியாத வயசா எனக்கு?

பாங்கு சத்தம் வந்ததும் கண் ஏரிப்பக்கம் போகிறது. இமை அசைகிறது. தொழுகிறார்! அது மட்டும் மறக்கவில்லை.

19-7, ஞாயிறு
மழை. கணக்குப் போட உட்கார்ந்தேன். பக்கத்தில் இரும்பு இருந்தால் திசைகாட்டி பிசகும், பிசகைச் சரிசெய்து விடை எழுது என்று ஒரு கேள்வி. கை நின்றுவிட்டது.

அன்றைக்கு நான் திசை பார்த்தது ஸ்டீல் பீரோவில் சாய்ந்துகொண்டு.

கட்டில் முதலில் ஒட்டிக் கிடந்த சுவர் வெளி வராந்தா வரை நீள்கிறது. இரும்பு இல்லாத அங்கே போய், அதே சுவரோரம் திசை பார்த்தேன். 40 இல்லை, 70. அடிப்பாவி. முப்பது டிகிரி தப்பாக அத்தாவைத் தொழ வைத்திருக்கிறேன்.

20-7, திங்கள்
அண்ணனிடம் சொன்னேன். திட்டவில்லை. "இன்னா இப்ப? திருப்பிட்டாப் போச்சு." திருப்பினோம். எதிரே இப்போது வெறும் சுவர்.

சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு. அத்தா கழுத்தை இழுத்து இழுத்து ஏரிப்பக்கம் திருப்பப் பார்க்கிறார். காதருகே குனிந்து கத்தினேன். "அத்தா, நான் தப்பாச் சொல்லிட்டேன். இந்தப் பக்கம்தான் கிப்லா." புரியவில்லை. கழுத்து நரம்பு புடைக்கிறது, கண்ணில் தண்ணீர். முகத்தைப் பிடித்துத் திருப்ப எனக்குக் கை வரவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டேன். தப்பான கோட்டுக்கே கட்டிலைக் கொண்டுபோனோம்.

அத்தா தொழ ஆரம்பித்தார், நான் காட்டிய பக்கம் பார்த்து.